பெட்டிக்குள் இருக்கும் குரல்கள்: பழைய கேசட்டுகளை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றுவோம்



சேமிப்பு, கடன், தணிக்கை என்று மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதப் பாடத்தில் கணக்கு நோட்டில் ஏறாத ஒரு சொத்தைப் பற்றிப் பேசுவோம். அது நம் வீட்டுப் பரண் மேலே, பீரோவின் அடித்தட்டிலே, பழைய டிரங்குப் பெட்டிக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது. பழைய ஆடியோ கேசட்டும் வீடியோ கேசட்டும்தான் அந்தச் சொத்து.

"அதெல்லாம் குப்பை, போகிக்குத் தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் போடுவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் கல்யாண கேசட், மூத்த மகளின் மஞ்சள் நீராட்டு, பேரனின் காதுகுத்து எல்லாம் இருக்கும். துபாய்க்கோ சவுதிக்கோ வேலைக்குப் போனவர், கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் இருக்கும். அப்பத்தா பாடின தாலாட்டு, ஊர்க் கொடையில் பாடின வில்லுப்பாட்டு, 1990களில் அறிவொளி இயக்கத்தில் நாம் கூடிப் பாடின பாட்டு இருக்கும். பாடினவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் மட்டும் அந்த நாடாவில் மிச்சம் இருக்கிறது.

அந்தக் குரலை எப்படிக் காப்பாற்றுவது, அதையும் நம் வீட்டிலேயே, குழுவாகச் சேர்ந்து எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

கேசட்டுக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். நாடா பழுப்பு நிறமாக இருப்பது அதனால்தான். சத்தமும் படமும் அந்தத் தூளில் காந்தமாகப் பதிந்திருக்கின்றன. காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் அந்தப் பசை கெட்டுப்போகிறது. கெட்டால் நாடா பிசுபிசுக்கும், தூள் உதிரும். தூள் உதிர்ந்தால் அதோடு குரலும் உதிர்ந்தது என்று அர்த்தம். உதிர்ந்ததை எந்த மெஷினாலும் திரும்ப ஒட்ட முடியாது.

நாம் 1990இல் பதிந்த கேசட்டுக்கு இப்போது வயது 35 தாண்டிவிட்டது. சூடான தகரக் கூரைக்குக் கீழேயோ, மழையில் ஒழுகுகிற பரணிலோ இருந்திருந்தால் அதன் ஆயுள் இன்னும் குறைவு.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்ட மெஷின் வேண்டுமே! ஆடியோ கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்டது. நாம் 'டெக்' என்று சொல்லும் வி.சி.ஆரில் ஓடுகிற வி.எச்.எஸ். கேசட்டை ஜே.வி.சி. கம்பெனி 1976இல் கொண்டுவந்தது. கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழைய டெக்குகள்தான். அதை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஊர் ஊராக டெக் வாடகைக்குக் கிடைத்த காலம் போய், ஒரு வட்டாரத்தில் ஓடுகிற டெக் ஒன்று இருந்தால் பெரிய விஷயம் என்ற நிலைமை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2019இல் யுனெஸ்கோ அமைப்பு, ஒலி ஆவணக் காப்பாளர்களோடு சேர்ந்து, காந்த நாடாக்களுக்கு ஆபத்து என்று உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை கொடுத்தது. பெரிய பெரிய நூலகங்களே நேரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்கலாமா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் என்றால் என்ன?

குழுக் கணக்கை வைத்தே சொல்வோம். ஜெராக்ஸை வைத்து இன்னொரு ஜெராக்ஸ், அதை வைத்து இன்னொன்று என்று எடுத்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றுவது அந்த மாதிரி. பேரேட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து இன்னொரு நோட்டில் அதே எண்ணை எழுதினால் மங்குமா? மங்காது. நூறு நோட்டில் எழுதினாலும் 500 ரூபாய் 500 ரூபாய்தான். டிஜிட்டல் என்பது சத்தத்தையும் படத்தையும் எண்களாக எழுதி வைப்பது. ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால், எத்தனை பிரதி எடுத்தாலும் எல்லாம் ஒன்று போலவே இருக்கும்.

அதனால்தான் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று கேசட் இருந்தால், முதன்முதலில் பதிந்த அசல் கேசட் எது என்று தேடி எடுக்க வேண்டும். அதிலிருந்து ஏற்றுவதுதான் தெளிவாக இருக்கும்.

எதை முதலில் ஏற்றுவது?

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். வீட்டில் 20 கேசட் இருந்தால் அதில் 15 சினிமாப் பாட்டாகவோ பக்திப் பாட்டாகவோ இருக்கும். அந்தப் பாட்டை இன்று செல்போனில் தேடினாலே கிடைக்கும். மீதி 5 கேசட்டில் நம் வீட்டு ஆட்களின் குரல் இருக்கும். அது உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். நம் பெட்டியில் அழிந்தால் எங்கேயும் கிடையாது.

ஆகவே கேசட்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல்: வேறு எங்கும் கிடைக்காதது, அதில் பேசினவர் அல்லது பாடினவர் இப்போது உயிரோடு இல்லை.

இரண்டாம் குவியல்: வேறு எங்கும் கிடைக்காதது, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் குவியல்: கடையில் வாங்கியது, சினிமா, பாட்டு.

முதல் குவியலை முடித்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். மூன்றாவதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு கேசட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைச் சோதித்துப் பார்க்க அது உதவும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேலேயே வீட்டு ஆட்கள் பேசிப் பதிவு செய்வது அந்தக் காலத்து வழக்கம். அட்டையில் சினிமாப் பெயர் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடையில் வாங்கிய கேசட்டின் முதுகு ஓரத்தில் இரண்டு சின்னச் சதுர ஓட்டைகள் திறந்திருக்கும். அந்த ஓட்டையில் காகிதமோ டேப்போ ஒட்டி அடைத்திருந்தால், யாரோ அதன்மேல் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டைப் பார்த்தல்

1. வெளிச்சத்தில் வைத்து நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ நூல் மாதிரியோ படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அந்தக் கேசட்டை மெஷினில் போடவே கூடாது. மெஷின் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சணம் பரவும். மூச்சில் போனால் உடம்புக்கும் ஆகாது. தனி கவரில் கட்டி ஒதுக்கி வையுங்கள். அதை விவரம் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

2. கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். ஆடியோ கேசட்டில் இரண்டு இருக்கும், வீடியோ கேசட்டில் ஒன்று. ஓட்டையை யாராவது அடைத்திருந்தால் அந்த அடைப்பை எடுத்துவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது.

3. நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

4. நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை வெயிலுக்கு இளகி அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும், மெஷினின் ஹெட்டிலும் படியும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது. அதையும் நாடாவின் பின்பக்கம்தான் ஒட்ட வேண்டும்.

5. வருஷக்கணக்கில் ஓடாத கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டி, மறுபடியும் முழுக்கச் சுற்றிவிட்டு, அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். ஓடும்போது 'கீச் கீச்' என்று கத்தினாலோ, ஓடி ஓடி நின்றாலோ உடனே நிறுத்திவிடுங்கள். இழுத்து ஓட்டினால் தூள் உரிந்துவிடும்.

டேப் ரெக்கார்டரையும் சுத்தம் செய்ய வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டை மெதுவாகத் துடைக்கவும். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்கலாம். எண்ணெய், சென்ட் எதுவும் தொடக்கூடாது. டெக்கின் ஹெட் சுழலும் உருளையில் இருக்கும். அதைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் உடைந்துவிடும். டெக்கை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாம் தயாரான பிறகு முதலில் மூன்றாம் குவியல் சினிமாக் கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதை மெஷின் சிக்க வைக்காமல் ஓட்டினால்தான் அப்பத்தாவின் கேசட்டைப் போட வேண்டும்.

ஆடியோ கேசட்டை ஏற்றும் முறை

தேவையானவை: ஓடுகிற டேப் ரெக்கார்டர், ஒரு கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், இரண்டு பக்கமும் ஹெட்போன் பின் உள்ள ஒரு வயர். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் நல்ல நிலையில் இருந்தால் ஆடியோ வேலைக்கு அதுவே போதும்.

வயரின் ஒரு முனையை டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஓட்டையில் செருகுங்கள். மறு முனையை, மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் பின்பக்கம் உள்ள நீல நிற ஓட்டையில் செருக வேண்டும். லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான் இருந்தால் யு.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன சவுண்டு அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அதில் மைக் படம் போட்ட ஓட்டையில் வயரைச் செருகுங்கள்.

பதிவு செய்ய 'ஆடாசிட்டி' என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. செய்முறை இதுதான்:

1. டேப் ரெக்கார்டரின் சத்தத்தைப் பாதிக்கும் கீழே வையுங்கள்.

2. ஆடாசிட்டியில் சிவப்பு வட்டப் பட்டனை அழுத்திவிட்டு, கேசட்டை ஓடவிடுங்கள்.

3. சத்த அளவைக் காட்டும் பட்டை ஏறி இறங்கும். பேச்சு உரக்க வரும் இடத்திலும் அது கடைசி முனையைத் தொடக்கூடாது. தொட்டால் குரல் கரகரவென்று உடையும். அப்புறம் சரி செய்ய முடியாது. சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

4. அளவு சரியானதும் கேசட்டைத் திரும்பச் சுற்றி, முதலிலிருந்து பதிவு செய்யுங்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். 90 நிமிடக் கேசட்டில் 45 நிமிடம். எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் பதிவுக்கும் ஆகும். வேகமாக ஓட்டி ஏற்ற நினைக்காதீர்கள். அது வரைக்கும் பூ கட்டலாம், பீடி சுற்றலாம், காய் நறுக்கலாம். ஆனால் காது அங்கேயே இருக்கட்டும்.

5. முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' என்பதை அழுத்தி 'வேவ்' வகையில் சேமியுங்கள். வெறும் 'சேவ்' கொடுத்தால் அது ஆடாசிட்டிக்குள் மட்டும்தான் திறக்கும்.

வேவ் வகையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்.பி. இடம் பிடிக்கும். இது அசல். செல்போனில் கேட்கவும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும் 'எம்.பி.3' வகையில் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 60 எம்.பி. போதும்.

பதிவில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே நின்றுவிடும்.

கம்ப்யூட்டரே இல்லை, டேப் ரெக்கார்டரும் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. அப்போது என்ன செய்வது? அமைதியான அறையில் செல்போனை ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி வைத்து ரெக்கார்டரை ஓடவிடுங்கள். தெளிவு குறையும். ஆனாலும் ஒன்றும் இல்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

வீடியோ கேசட்டை ஏற்றும் முறை

தேவையானவை: ஓடுகிற டெக், லேப்டாப், யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் என்ற சின்னக் கருவி.

டெக்கின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள் ஓட்டை படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. பழைய டெக்குகள் சிலவற்றில் சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான் இருக்கும். அப்படியானால் வெள்ளைப் பின்னை மட்டும் செருகினால் போதும். கேப்சர் கருவியிலும் அதே நிறப் பின்கள் இருக்கும். நிறத்துக்கு நிறம் செருகி, கருவியை லேப்டாப்பில் மாட்டுங்கள்.

படத்தைப் பதிய 'ஓ.பி.எஸ்.' என்ற சாஃப்ட்வேரும் இலவசம். கவனிக்க வேண்டியவை:

1. வீடியோ வகையில் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவில் பதிந்த கேசட்டுகள் அந்த வகை. மாற்றிக் கொடுத்தால் படம் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும்.

2. படத்தின் அளவு 720க்கு 576, நொடிக்கு 25 படம். இதற்கு மேல் பெரிதாக வைத்தாலும் கேசட்டில் இல்லாத தெளிவு வந்துவிடாது, இடம்தான் வீணாகும்.

3. படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் டெக்கில் உள்ள 'டிராக்கிங்' பட்டனை மெதுவாகத் திருப்பி, கோடு குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

4. ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால், 'டீஇன்டர்லேஸ்' என்ற வசதியைத் தட்டிவிடுங்கள்.

5. 'எம்.கே.வி.' வகையில் பதியுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது பிழைத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு 'எம்.பி.4' ஆக மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் கரண்ட்டை நம்ப முடியாதே!

6. முதலில் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, படமும் சத்தமும் இரண்டும் வருகிறதா என்று போட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, சத்தம் ஏறவில்லை என்று தெரிந்தால் வயிறு எரியும்.

7. லேப்டாப் தானாகத் தூங்கிவிடும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

இந்த முறையில் ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 2 ஜி.பி. இடம் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2000களில் எடுத்த கல்யாணம் சில, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான 'மினி டி.வி.' கேசட்டில் இருக்கும். அது டெக்கில் ஓடாது. அதற்குரிய கேமராவும் தனி வயரும் வேண்டும். அந்த வகையை மட்டும் பழைய கேமரா வைத்திருக்கிற ஸ்டூடியோவில் கொடுப்பதே நல்லது.

பெயர் எழுதுவதும் வேலைதான்

ஏற்றிய கோப்புக்கு 'புதியது 1', 'புதியது 2' என்று பெயர் இருந்தால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் புரியாது. வருடம், நிகழ்ச்சி, ஊர், ஆள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். '1994 மஞ்சள் நீராட்டு, மேலத்தெரு, பெரிய மகள்' என்ற மாதிரி.

அதோடு நிற்க வேண்டாம். வீட்டில் இருக்கிற வயதானவர்களை உட்கார வைத்து, ஏற்றிய படத்தைப் போட்டுக் காட்டுங்கள். "இது யாரு, இந்தப் பாட்டு யாருகிட்ட கத்துக்கிட்டது, இந்த வீடு இப்ப இருக்கா" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். படத்தில் பந்தியில் பரிமாறுகிற பெண் யாரென்று சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெண் பெயர் அட்டையிலேயே இருக்கும். சமையல்கட்டில் நின்றவர்கள், குலவை போட்டவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அதை எழுத வேண்டியது நாம்தான்.

ஒரு பிரதி போதாது

பென் டிரைவும் கெடும், செல்போனும் தொலையும், ஹார்டு டிஸ்க்கும் ஒரு நாள் நின்றுபோகும். அதனால் குறைந்தது இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் ஒன்று வைத்ததற்குச் சமம். 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்தவர்கள் நாம். ஒரு பிரதி நம் வீட்டில், இன்னொன்று வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் என்று வைத்தால் நிம்மதி. வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது, இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஏற்றியாகிவிட்டதே என்று கேசட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, வெயிலும் ஈரமும் அடுப்புப் புகையும் படாத இடத்தில் வையுங்கள். பெரிய ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வேண்டாம். அதன் காந்தம் நாடாவைக் கெடுக்கும்.

குழுவாகச் செய்தால் எவ்வளவு மிச்சம்?

கேப்சர் கருவி, வயர், ஹார்டு டிஸ்க் எல்லாம் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஒரு குழுவில் 15 பேர் இருக்கிறோம் என்று வைப்போம். ஆளுக்கு 60 நிமிட ஆடியோ கேசட் 2, மூன்று மணி நேர வீடியோ கேசட் 1.

ஆடியோ: 30 கேசட், 30 மணி நேரம்.
வீடியோ: 15 கேசட், 45 மணி நேரம்.
மொத்தம்: 75 மணி நேரம்.

ஒரு நாளைக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால் 38 நாளில் முடிந்துவிடும். இடம் எவ்வளவு தேவை? ஆடியோவுக்கு 18 ஜி.பி., வீடியோவுக்கு 90 ஜி.பி. ஆக மொத்தம் 108 ஜி.பி. ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் 15 குடும்பத்தின் நினைவும் அடங்கிவிடும். அவரவர் பங்கை அவரவர் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்தால் இரண்டாவது பிரதியும் தயார். கருவியின் செலவை 15ஆல் வகுத்துப் பாருங்கள், பெரிய தொகை வராது. எந்தக் கேசட் யாரிடமிருந்து வாங்கியது, எப்போது திருப்பிக் கொடுத்தது என்பதைத் தனி நோட்டில் கையெழுத்தோடு எழுதுங்கள். இதுவும் பிறர் சொத்துதான்.

உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

"நாங்க அப்பவே கல்யாண கேசட்டை சி.டி.யில போட்டுட்டோமே, அது போதாதா?"

அந்தக் காலத்தில் பெரும்பாலும் வி.சி.டி. வகையில்தான் போட்டுக் கொடுத்தார்கள். அதில் படத்தின் அளவு 352க்கு 288தான். கேசட்டில் உள்ள தெளிவு அதில் முழுசாக வராது. சி.டி.யும் கீறல் விழுந்து, பூச்சு உரிந்து கெடும். கேசட் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலிருந்தே புதிதாக ஏற்றுங்கள். கேசட் இல்லை என்றால் அந்த சி.டி.யை உடனே கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.

"வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சா போதாதா?"

வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், தெளிவு போய்விடும். அனுப்புவது வேறு, பாதுகாப்பது வேறு. தெளிவு குறையாமல் அனுப்ப வேண்டுமானால் 'டாகுமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

"இதையே தொழிலாகச் செய்ய கடன் எடுக்கலாமா அக்கா?"

அவசரப்பட வேண்டாம். இது வருஷா வருஷம் வளர்கிற தொழில் இல்லை. கேசட் தீரத் தீர வேலையும் தீரும். பழைய டெக் ரிப்பேரானால் பாகம் கிடைப்பது கஷ்டம். முதலில் உங்கள் குழுவுக்கு முடித்துப் பாருங்கள். கை பழகினால் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு மணிக்கணக்கில் கூலி பேசிச் செய்து கொடுக்கலாம். பெரிய கடன் எடுத்துக் கடை போடுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். சினிமாக் கேசட்டை ஏற்றி விற்பதோ வேண்டவே வேண்டாம். 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் போகும்.

"எல்லாத்தையும் குரூப்ல போட்டு எல்லாரும் பார்க்கலாமா?"

கேட்டுவிட்டுப் போடுங்கள். கல்யாண வீடியோவில் பிறகு பிரிந்துபோன தம்பதி இருக்கலாம். மஞ்சள் நீராட்டில் இருக்கும் சிறுமி இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். அவளுக்கு அது ஊர் முழுவதும் சுற்றுவதில் விருப்பம் இல்லாமல் இருக்கலாம். ஒப்பாரிப் பாட்டு யாரோ ஒருவர் இறந்த நாளில் பாடியது. அந்தக் குடும்பம் சம்மதித்தால்தான் வெளியே போக வேண்டும். ஏற்றுகிற பொறுப்பில் இருப்பவர், வேறொரு வீட்டுக் கேசட்டில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது. கடன் விவரத்தை எப்படி ரகசியமாக வைக்கிறோமோ அப்படி.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. யார் யார் வீட்டில் வேறு எங்கும் கிடைக்காத கேசட் இருக்கிறது? ஊக்குநர் ஒரு பட்டியல் எழுதவும்.

2. ஓடுகிற டேப் ரெக்கார்டரும் டெக்கும் நம் பஞ்சாயத்தில் யாரிடம் இருக்கின்றன?

3. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளில் யார் உதவுவார்கள்? அவர்களோடு உட்கார்ந்து நம்மில் இரண்டு பேராவது கற்றுக்கொள்வோமா?

4. கருவி வாங்கும் செலவைக் குழுவின் பொது நிதியிலிருந்து எடுப்பதா, ஆளுக்குக் கொஞ்சம் போடுவதா? முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.

5. நம் குழு ஆரம்பித்த காலத்துப் பயிற்சி, விழா, பேரணி பற்றிய கேசட் எங்காவது இருக்கிறதா? முதல் தலைவியின் பேச்சு யாரிடமாவது இருக்கிறதா?

யுனெஸ்கோ அறிவிப்பின்படி ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 27 உலக ஒலி, ஒளி மரபு தினம். அந்த நாளுக்குள் ஒவ்வொரு குழுவும் முதல் குவியலில் இருந்து ஒரே ஒரு கேசட்டையாவது ஏற்றிவிடுவோம். அன்றைய கூட்டத்தில் அதைப் போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்போம். எத்தனை கேசட் ஏற்றினீர்கள், எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் அதை எல்லாக் குழுக்களோடும் பகிர்ந்துகொள்வோம்.